மணல் பெட்டியில் ஒரு அமானத்

என் மாமனார் ஹமீது சுல்தான் முப்பது வருஷம் மது ஊற்றிக் கொடுத்துப் பிழைத்தவர். ஒரு சொட்டுகூட அவர் நாக்கில் பட்டதில்லை. இதைச் சொன்னால் பாம்பனில் இன்றைக்கும் இரண்டு பேராவது உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் மௌத்தாகிக் கண்ணை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குத்தான் தூக்கம் வராது.

பாம்பன் கால்வாயில் மண் தூர்வாரும் கப்பல்களுக்கு பெல்லமி துரை என்று ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் இருந்தார். கடற்கரையை ஒட்டி அவருடைய பங்களா. மாமா அங்கே சமையற்கட்டில் சேர்ந்து பட்லர் ஆனவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் போத்தலை எந்தச் சாப்பாட்டோடு கொடுப்பது, எதைக் குளிர வைப்பது, எதை அப்படியே கொடுப்பது என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ருசி பார்க்க மாட்டாரே தவிர, மூக்கு பொல்லாத மூக்கு. தக்கையை எடுத்து ஒருமுறை மோந்துவிட்டு, "இது கெட்டுப்போச்சு தொரை" என்று திருப்பிக் கொண்டுபோய்விடுவார். துரை மறுபேச்சுப் பேசியதில்லையாம். வேலைக்கென்று தனி வேட்டி, தனிச் சட்டை. மது பட்ட உடுப்போடு தொழ முடியாது என்பதால் போத்தலைத் துணி சுற்றித்தான் பிடிப்பார். வீட்டுக்குக் கிளம்பும் முன் குளித்து, உடுப்பை மாற்றி, பிறகுதான் பள்ளிவாசல் பக்கம் போவார். முப்பது வருஷத்தில் ஒரு சொட்டுத் தெறித்து உடுப்பில் பட்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

துரைக்குக் கல்யாணமான வருஷம் அவரும் அவர் மனைவியும் சேர்ந்து இரண்டு போத்தல் சிவப்பு ஒயின் வாங்கி வைத்தார்களாம். ஒன்றைப் பத்தாவது வருஷம் உடைத்தார்கள். இன்னொன்று இருபதாவது வருஷத்துக்கு. அந்த வருஷம் வருவதற்குள் அந்த அம்மா விஷக் காய்ச்சலில் போய்விட்டாள். பாம்பன் மாதா கோயில் கல்லறையில் அவளை அடக்கம் செய்தார்கள். நாற்பத்தெட்டில், மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்த சமயத்தில், துரை ஊருக்கே திரும்பிப் போக முடிவு செய்தார். மற்றப் போத்தல்களையெல்லாம் தீர்த்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் மாமாவின் கையில் கொடுத்தார். பழைய ஒயின், கப்பலில் ஆடினால் செத்துவிடும் என்றார். ஊருக்குப் போய் மனைவிக்குக் கல்லறைக் கல் செய்துகொண்டு இரண்டு வருஷத்தில் வருவேன், கல்லை நட்ட அன்றைக்கு நீ உன் கையால் இதை ஊற்றிக் கொடு, அதுவரை படுக்க வைத்திரு, வெளிச்சம் படவிடாதே, சூடு படவிடாதே, அசைக்காதே என்றார். மாமா தலையாட்டிவிட்டார்.

அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் வந்தது. ஒருவர் நம்பிக் கொடுத்து வைத்த பொருளை நாங்கள் அமானத் என்போம். கொடுத்தவன் யாராக இருந்தாலும் சரி, கொடுத்தது கொடுத்தபடி திரும்பிப் போக வேண்டும். மாமாவுக்கு அமானத் அமானத்துத்தான். அது மார்க்கம் விலக்கிய ஹராமான போத்தல், வீட்டில் இருந்தால் போலீஸ் பிடித்து உள்ளே போடுவான் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம்.

தொழுகிற அறையிலிருந்து தள்ளி, பின்கட்டுக் கடைசியில் இருட்டான மூலையில் ஒரு பலகைப் பெட்டி. அதில் விளிம்பு வரைக்கும் கடற்கரை மணல். போத்தலை உள்ளே படுக்க வைத்து மேலே மணலை மூடி, தண்ணீர் தெளித்தார். மணல் ஈரமாக இருந்தால் போத்தல் குளிர்ச்சியாக இருக்குமாம். துரை போனபின் அவர் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் போகும் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு வருவார், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு சனிக்கிழமை காலை போவார். வந்ததும் முதல் வேலை, மணலுக்குள் ஒரு விரலை விட்டுக் கண்ணாடி தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. தட்டுப்பட்டால் போதும். அசைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே, வெளியே எடுத்துப் பார்க்கவே மாட்டார். பிறகு மணலுக்குத் தண்ணீர் தெளிப்பார்.

துரை இரண்டு வருஷத்தில் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு கடுதாசி வரும். உடம்பு சரியில்லை, அடுத்த வருஷம் கட்டாயம் வருகிறேன் என்று இருக்கும். பாம்பன் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். கடுதாசியைப் படித்துச் சொல்வது நான்தான். படிக்கப் போன இடத்தில் அவர் மகள் மலிகாவை இரண்டு தடவை பார்த்தேன், மூன்றாவது தடவை என் உம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஐம்பத்திரண்டில் என் வாப்பா பாக்கர் பெண் கேட்டுப் போனார். வாப்பா பள்ளிவாசல் ஜமாஅத்தில் முக்கியமான ஆள். பேச்சு நல்லபடியாக முடிந்து, சம்பந்தத்தை உறுதி செய்யச் சர்க்கரை கொடுக்கப் போகும் நேரத்தில் மாமா ஒரு காரியம் செய்தார். ஒருவரும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"பொண்ணக் கொடுக்கதுக்கு முந்தி ஒண்ணச் சொல்லிப்புடுறேன். எங்க வீட்ல தொரையோட ஒயின் போத்தல் ஒண்ணு இருக்கு. அமானத்து. அத மறைச்சு வச்சுச் சம்பந்தம் பண்ண எனக்கு மனசு வரல."

இந்த மனுஷன் சொல்லாமல் இருந்திருந்தால் எந்த நாய்க்கும் தெரிந்திருக்காது. வாப்பா சர்க்கரையைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை ஜமாஅத்தில் மாமாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். போத்தலைக் கடலில் கொட்டிவிட்டு வா, எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றார்கள். நியாயமான பேச்சுத்தான். கடல் இருபது காலடி தூரத்தில் இருந்தது.

"என் சாமானா இருந்தா இந்நேரம் கடல்ல கெடக்கும். அடுத்தவன் சாமான நான் எப்புடிங்க கொட்டுறது?" என்றார் மாமா.

கொட்டும்வரை அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது, அந்த வீட்டு நிக்காஹ் பள்ளிவாசல் புத்தகத்தில் ஏறாது என்று தீர்ப்பானது. மலிகாவுக்கு அப்போது பத்தொன்பது. அந்த வயதில் எங்கள் ஊரில் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு இருப்பார்கள். அவள் இரண்டு வருஷம் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். பள்ளிக்கூடம் போனேன், வந்தேன்.

பள்ளிவாசல் ஹஜரத் நல்ல மனுஷர். ஒரு வெள்ளிக்கிழமை மாமாவின் வீட்டுக்கு வந்து ஆறுதலாகப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவாக்கில் ஒரு சட்டமும் சொன்னார். ஒயின் தானாகப் புளித்துக் காடியாகி, அதாவது வினிகராகிவிட்டால் அது ஹலால், வீட்டில் வைத்திருப்பதில் தப்பில்லை. நிழலில் இருந்ததை எடுத்து வெயிலில் வைத்ததால் புளித்தாலும் குற்றமில்லை. உள்ளே உப்போ வேறெதுவோ போட்டு மாற்றினால் மட்டும் ஆகாது. மாமா இதைக் கேட்டுச் சிரித்தாராம். நான் காப்பதே அது புளிக்காமல் இருக்கத்தானே என்றாராம்.

திரைக்குப் பின்னால் நின்றிருந்த மாமி நஃபீசா சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமா கப்பலுக்குப் போனதும் மாமி மணலைத் தோண்டினாள். போத்தலை எடுத்து அடுப்புக்கு மேலே பரணில், புகையும் சூடும் போகிற இடத்தில் வைத்தாள். வியாழக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்ப எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, ஆறவைத்து, மணலுக்குள் இருந்தபடியே படுக்க வைத்தாள். லேபிள் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே இருக்கும்படி. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பரண். இரண்டு கோடை இப்படிப் போனது. அசைக்காதே என்று சொல்லப்பட்டவர் அசைக்கவே இல்லை. அவர் வீட்டிலேயே அந்தப் போத்தல் வாரம் இரண்டு தடவை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஐம்பத்துநாலு வைகாசியில் போத்தல் வாயிலிருந்த மெழுகு உருகி ஓடி, தக்கை ஓரத்தில் ஒயின் கசிந்தது. கசிந்ததில் புளித்த நெடி. மாமி என் வாப்பாவையும் ஹஜரத்தையும் வரச்சொல்லி, திரைக்கு வெளியே போத்தலை உருட்டிவிட்டாள். ஹஜரத் மோந்து பார்த்தார். காடிதான் என்றார். வாப்பாவும் மோந்து பார்த்துவிட்டு இனித் தடையில்லை என்றார். மாமி அப்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"அவுகளுக்கு மட்டும் தெரிய வேணாம். தெரிஞ்சா அவுக உசுரோட இருக்க மாட்டாக."

வாப்பா வாக்குக் கொடுத்தார். தட்டானிடம் கொஞ்சம் அரக்கு வாங்கி, தக்கையை அழுத்தி, மாமியே மேலே பூசிவிட்டாள். மாமாவிடம், அமானத்தைக் காப்பதில் குற்றமில்லை என்று ஹஜரத் சொல்லிவிட்டார், தீர்ப்பை நீக்கிவிட்டோம் என்று ஜமாஅத்தில் சொன்னார்கள். மாமா நம்பினார். அன்றைக்கு அவர் பள்ளிவாசல் வாசலில் நின்று அழுததை நான் பார்த்தேன். அதே மாதம் எனக்கும் மலிகாவுக்கும் நிக்காஹ் நடந்தது.

எனக்கு எல்லாம் தெரியும். வாப்பா என்னிடம் சொல்லித்தான் கல்யாணத்துக்கு நாள் குறித்தார். எனக்குத் தெரியும், மலிகாவுக்குத் தெரியும், கொஞ்ச நாளில் ஊருக்கே தெரியும். மாமா ஒருவருக்குத்தான் தெரியாது. ஆறு வருஷம், வெள்ளிக்கிழமை விருந்துக்குப் போகும்போதெல்லாம் அவர் செம்பை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடையில் கிணறு வற்றினால் குடிக்கிற தண்ணீரில் மிச்சம் பிடித்து அந்தக் காடிக்குத் தெளிப்பார். வெட்கமாக இருந்தது எனக்கு. வெட்கத்தோடு பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

அறுபது ஜனவரியில் தந்தி வந்தது. துரை வருகிறார்.

மாமாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்துக் கஞ்சி போட்டார். மூன்று நாள் முன்னதாகவே போத்தலை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பழைய ஒயினில் கசடு இருக்கும், படுத்திருந்தது நிமிர்ந்து நின்றால்தான் கசடு அடியில் இறங்கும் என்று எனக்கு விளக்கினார். அப்போது போத்தல் வாயைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். பழைய மெழுகில் கடைக்காரன் முத்திரை இருந்ததாகவும் இப்போது காணோம் என்றும் சொன்னார். வருஷம் ஆகிவிட்டதே, அழிந்திருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மாமி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

துரை வந்தார். கிழவராகிவிட்டார், கைத்தடி இல்லாமல் நடக்க முடியவில்லை. கொண்டுவந்த கல்லை மனைவியின் தலைமாட்டில் நட்டார்கள். பயணிகள் பங்களாவின் சாப்பாட்டு அறையிலிருந்து பார்த்தால் அந்தக் கல்லறைத் தோட்டம் தெரியும். அங்கேதான் மத்தியானம் மேஜை போடச் சொன்னார். பேச்சுக்கு உதவியாக என்னையும் மாமா கூட்டிப் போயிருந்தார்.

அவர் வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மற்ற ஜன்னல்களைச் சாத்தி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். அரக்கைச் சுரண்டி, போத்தல் வாயைத் துடைத்தார். தக்கையைச் சத்தமில்லாமல் மெல்ல இழுத்தார். மெழுகுவர்த்தியைப் போத்தல் கழுத்துக்குப் பின்னால் வைத்து, கசடு கழுத்துக்கு வரும்போது தெரியும்படி பார்த்துக்கொண்டே கண்ணாடிக் கூஜாவில் ஊற்ற வேண்டும். அதற்கு முன்னால் பழக்கப்படி தக்கையை மூக்குக்குக் கொண்டுபோனார்.

அப்படியே நின்றுவிட்டார். துரை பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தக்கையை மேஜைமேல் வைத்தார். கூஜாவில் ஊற்றினார். கசடு வந்த இடத்தில் நிறுத்தினார். கிளாஸில் கொஞ்சம் ஊற்றித் துரையின் வலது கைப்பக்கம் வைத்தார். கெட்டுப்போனதை இது கெட்டுப்போச்சு என்று சொல்லும் மனுஷர், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொல்லவில்லை.

துரை ஒரு வாய் குடித்தார். மேஜைமேல் கிடந்த அரக்குத் துண்டை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டு கிளாஸிலிருந்த மிச்சத்தையும் குடித்தார். கோபமே இல்லை. அவருக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"ஹமீது, பரவாயில்லே. பன்னெண்டு வருஷம் நெறைய. நானா இருந்தா ஆறு மாசத்திலே குடிச்சிருப்பேன்."

மாமாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. திறந்து குடித்துவிட்டு, காடியை ஊற்றி, அரக்கு வைத்து மூடியிருக்கிறான் என்று துரை நினைத்துவிட்டார். நினைத்து மன்னித்தும் விட்டார்.

"நான் குடிக்கல தொரை" என்றார் மாமா.

"சரி. சரி" என்றார் துரை. அழும் பிள்ளையிடம் சொல்கிற சரி அது.

நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இங்கிலீஷில் பரீட்சை எழுதித் தேறியவன் நான். என் கல்யாணத்துக்காக அந்தப் போத்தல் பரணில் வெந்தது என்று சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமா மேஜையைத் துடைத்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். ரயில் பாதையைக் கடக்கும்போது கேட்டார்.

"மாப்பிள்ள, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எம்புட்டு நாளா?"

"ஆறு வருஷமா." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஹஜரத் சொன்ன சட்டம், பரண், அரக்கு, வாப்பா கொடுத்த வாக்கு. அவர் என்னைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டு வந்தார். ஊரில் யார் யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். எல்லோருக்கும் என்றேன். என்னால் தாங்க முடியவில்லை. வாருங்கள், இப்போதே துரையிடம் போவோம், இங்கிலீஷில் நானே சொல்கிறேன் என்றேன்.

"என்னன்னு சொல்லுவிய? எம் பொஞ்சாதி செஞ்சான்னா? அவ பேர ஒரு அந்நிய ஆம்பளகிட்ட இழுத்து விட்டுட்டு நான் நல்லவனாகணுமா?" என்றார் மாமா. "அவ மகளுக்காகச் செஞ்சா. அது அவ பாடு. வாக்குக் கொடுத்தது நான். நான் குடிச்சதாவே இருக்கட்டும்."

அன்று வீட்டில் மாமி சோறு போட்டாள், அவர் சாப்பிட்டார். பெட்டியிலிருந்த மணலை வாளி வாளியாக அள்ளி வாசலில் கொட்டிப் பரப்பினார். மாமியிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கும் சரி, சாகும்வரையிலும் சரி. ஒரு தடவை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் என்று மாமி என்னிடம் பின்னால் சொன்னாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. துரை தனுஷ்கோடி ரயிலில் கிளம்பினார். மாமா ஸ்டேஷனுக்கு வந்தார், கஞ்சி போட்ட அதே வெள்ளைச் சட்டையோடு. வழியனுப்புவது பட்லரின் கடமை என்றார். ரயில் நகரும்போது துரை ஜன்னல் வழியாக ஒரு சின்னத் தகரக் குப்பியை அவர் கையில் திணித்தார். பிராந்தி. தனக்குக் கிடைத்த மது பெர்மிட்டில் மிச்சம் பிடித்ததாக இருக்க வேண்டும். அன்போடுதான் கொடுத்தார், அதுதான் தாங்கவில்லை.

"இது உனக்குத்தான் ஹமீது. இனி யாருதையும் எடுக்க வேண்டாம்" என்றார்.

ரயில் போய்விட்டது. மாமா குப்பியைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேராகக் கடற்கரைக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். தண்ணீர் ஓரத்தில் நின்று மூடியைத் திருகிக் கவிழ்த்தார். இது அவர் சாமான்; கொட்டலாம். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஜமாஅத் சொன்ன வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் எதிர்க்காற்று பலமாக இருந்தது. கொட்டியதில் பாதியைத் தூக்கி அவர் மேலேயே அடித்தது. மார்பு, கை, வேட்டி எல்லாம் நனைந்து பிராந்தி நாறியது.

அந்த நேரம் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசலுக்குப் போகிற கூட்டம் கடற்கரைப் பாதையில்தான் வரும். என் வாப்பாவும் வந்தார். எல்லோரும் பார்த்தார்கள்: கையில் திறந்த குப்பி, உடம்பெல்லாம் நெடி. ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார். மாமா சட்டையைக் கழற்றி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அலசிக்கொண்டே இருந்தார். நீங்க போங்க மாப்பிள்ள, தொழுகை தப்பிப்போகும் என்றார்.

நான் போய்த் தொழுதேன். திரும்பி வந்தபோதும் அவர் அதே இடத்தில் நின்று சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூக்குக்கு நெடி இன்னும் போகவில்லை.